காற்றை அடைத்த கிடங்கு

நம் கல்லூரி ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனப் பத்திராசிரியர் அவர்கள் எமக்கு எழுதியபோது, எதனை எழுதுவதென்று சில நாள் மயங்கினோம். பழைய மாணாக்கர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் கடல் கடந்த பயணத்தையோ, காலஞ்சென்ற ஆசிரியரையோ, விடுதிச் சோற்றையோ பற்றியனவாய் இருத்தல் வழக்கம். எமக்கோ கடல் கடந்த அனுபவம் இல்லை. விடுதியிலும் யாம் தங்கியதில்லை. மூன்றாண்டும் ஆரல்வாய்மொழியிலிருந்து பேருந்தில் வந்து போனவர் யாம். ஆகவே எமக்கு நன்கு தெரிந்த பொருளொன்றையே எழுதத் துணிந்தோம். அஃது ஒரு கிடங்கு. வேதியியல் கற்றுப் பட்டமும் பெற்ற யாம், அக்கிடங்கினுள் நின்று, ஒருநாட் காலை, எம்மையும் எம்மைச் சார்ந்தோரையும் எரித்துவிடத் தக்க அறியாமையோடு ஒரு விசையை நோக்கிக் கை நீட்டினோம். அதனைச் சொல்ல இன்னும் நாணமாகவே இருக்கிறது. ஆயினும், நம் வேதியியற்கூடத்தில் இன்று நிற்கும் இளைஞருள் ஒருவரேனும் நாளை ஒரு கிடங்குக்கு உடையவராகலாம். அவர் பொருட்டுச் சொல்லுகின்றோம்.

ஆரல்வாய்மொழியை அறியாதார் நம்முள் மிகச் சிலரே இருப்பர். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே குமரியை நோக்கித் தாழ்ந்து முடியுமுன், ஓரிடத்தில் சற்றே விலகி வழிவிடுகின்றது. அவ்வழியே திருநெல்வேலிச் சீமையினின்று நாஞ்சில் நாட்டுக்கு வாயில். 1809-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் வேலுத்தம்பித் தளவாயின் படை காத்து நின்ற அரண்வரிசையைக் கும்பினிப் படை கைப்பற்றியது இக்கணவாயிலேதான். பிற்காலத்தில் திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்துக்கும் ஆங்கிலேயர் ஆண்ட நாட்டுக்கும் இடையே எல்லையும் சுங்கச் சாவடியும் இங்கே இருந்தன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இம்மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபின் அவ்வெல்லை மறைந்தது. அரணும் சாவடியும் மனிதரையும் சரக்கையும் நிறுத்தினவேயன்றிக் காற்றை நிறுத்தவில்லை. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரையில், தென்மேற்குப் பருவக்காற்று இம்மலையிடுக்கில் நெருக்குண்டு, புனலில் ஊற்றிய நீர்போல் வேகங்கொண்டு பாய்கின்றது. முப்பந்தலில் நிற்கும் காற்றாலைகள் நூற்றுக்கணக்கானவற்றைக் கண்டோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

எம் கிடங்கு நாகர்கோவில் செல்லும் பெருஞ்சாலையின் ஓரத்தில் உள்ளது. எம் பாட்டனார் நெல்லுக்கெனக் கட்டியது. நாற்புறமும் கருங்கற் சுவர். மேலே முன்னாளில் ஓடு, இப்பொழுது தகரத் தகடு. கிழக்கே சாலையை நோக்கி அகன்ற வாயில். அதற்குப் பிற்காலத்தில் இரும்பு ஷட்டர் போடப்பெற்றது. மேற்கே நான்கு சாளரங்களும் ஒரு சிறு பலகைக் கதவும். ஆடிமாதத்தில் அச்சாளரங்கள் வழியே புகும் காற்று நெற்பதரையும் செம்மண் புழுதியையும் அள்ளி வீசுமாதலால், எம் தந்தையார் நான்கையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். அந்நாளில் அது நன்மதியே. நெல்லுக்குக் காற்று வேண்டுமெனினும் புழுதி வேண்டுவதில்லை. இவ்வடைத்த சாளரங்களை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

நெல் வாணிகம் குன்றியபின் கிடங்கு சில ஆண்டு வெறிதே கிடந்தது. பின்னர் ஒரு மொத்த வியாபாரி அதனை வாடகைக்குக் கேட்டார். வாடகைப் பத்திரத்தில் ‘வாசனைச் சாமான்களும் வீட்டு உபயோகப் பொருள்களும்’ என்று எழுதப்பெற்றது. கேட்டதைவிட ஈராயிரம் கூடுதலாகத் தந்தமையின் யாமும் மேற்கொண்டு வினவினோமல்லோம். வந்திறங்கிய அட்டைப்பெட்டிகளில் உடம்பிற் பூசும் வாசனை ஸ்பிரேக்களும், கரப்பானையும் கொசுவையும் கொல்லும் ஸ்பிரேக்களும், அறைக்கு மணமூட்டுவனவும், இரும்புக்கு வர்ணம் அடிப்பனவும், வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் பீச்சுவனவும் இருந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அடங்கும் டப்பா. ஒவ்வொன்றும் நம் வீடுகளில் கண்ணாடியின்முன் கிடப்பதே. அவற்றை எவர் அஞ்சுவர்?

இந்த ஸ்பிரே டப்பாவின் வரலாறு சிறிது சுவையானது. நார்வே நாட்டுப் பொறியியலார் எரிக் ரோத்தைம் என்பார் 1920-களில் இதன் முதல் வடிவை அமைத்தார். இரண்டாம் உலகப் போரில் வெப்ப நாடுகளில் மலேரியாக் கொசுவால் வருந்திய அமெரிக்கப் படைஞர்க்கென, குட்ஹியூ, சல்லிவன் என்னும் இருவர் பூச்சிமருந்தை இவ்வகையிற் பீச்சும் கலத்தைச் செய்தனர். உள்ளிருக்கும் மருந்தை வெளியே தள்ளுதற்கு அந்நாளில் பயன்பட்டது ஃப்ரியான் என்னும் வாயு. அது தீப்பற்றாது, ஆனால் வானத்தின் ஓசோன் படலத்தை அரிப்பதென 1974-இல் மொலினாவும் ரோலண்டும் எடுத்துக்காட்டினர். 1987-இல் மாண்ட்ரியாலில் உடன்படிக்கை உண்டாயிற்று. இந்தியாவும் 1992-இல் அதிற் சேர்ந்தது. ஃப்ரியான் நீங்கிய இடத்தில் வந்தமர்ந்தவை பெரும்பாலும் பியூட்டேனும் புரொப்பேனும். அதாவது, நம் அடுக்களைச் சிலிண்டரில் இருப்பவையே. வானத்துக்கு நேர்ந்த தீங்கை விலக்கும்பொருட்டு, தீயின் அபாயத்தை நாம் கிடங்குக்குள் ஏற்றுக்கொண்டோம். அந்த மாற்றம் தவறென்று யாம் சொல்லோம். ஓசோன் படலம் கடையிற் கிடைப்பதன்று. ஆனால் டப்பாவின் உருவமும் வர்ணமும் மாறாமையால், உள்ளிருப்பது மாறிற்று என்பது எம்போன்றார்க்குத் தெரியாமற் போயிற்று.

அடுக்களைச் சிலிண்டர்க்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. சிலிண்டர் வாயு இயல்பில் நாற்றமற்றது; கசிவு தெரியவேண்டி அதனுள் மெர்காப்டன் என்னும் துர்நாற்றப் பொருளைச் சிறிது கலக்கின்றனர். வாசனை ஸ்பிரேயில் அந்நாற்றம் இருந்தால் அதனை எவர் வாங்குவர்? ஆதலின் அங்கே நாற்றம் நீக்கிய வாயுவையே அடைக்கின்றனர். கசிந்தால் மல்லிகை மணக்கும், சந்தனம் மணக்கும், அல்லது ஒன்றுமே மணக்காது. எம் கிடங்கோ தோவாளைப் பூச்சந்தைக்கு அண்மையில் உள்ளது. விடியற்காலையில் பூக்கூடை ஏற்றிய வண்டிகள் செல்லும் சாலையில் பிறந்து வளர்ந்தவர்க்கு மல்லிகை மணம் ஓர் எச்சரிக்கையாகத் தோன்றுமா?

சில ஆண்டுகளுக்குமுன், ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. திருநெல்வேலியினின்று லாரி வருவதாகச் சொல்லியிருந்தமையால் காலை ஆறரை மணிக்கே கிடங்குக்குச் சென்றோம். சுமை இறக்குவோர் மூவர் ஷட்டரை ஏற்கெனவே மேலேற்றியிருந்தனர். வாயிலில் நின்றபோதே இனிய மணம் வீசிற்று. “இன்றைக்குக் கல்யாண வீடு மாதிரி மணக்குது” என்று அவருள் இளையவர் நகைத்தார். யாமும் நகைத்தோம்.

உள்ளே மேற்குச் சுவரோரம் ஓர் அடுக்குச் சரிந்து கிடந்தது. காரணம் பின்னரே விளங்கிற்று. கூரைத் தகட்டின் ஆணித்துளை வழியே சாரல் ஒழுகி, அடிப்பெட்டிகளை நனைத்திருக்கின்றது. ஈரமேறிய அட்டை, தலைமேல் இருந்த பன்னிரண்டு பெட்டிகளின் பாரத்தைத் தாங்காது இரவில் மடிந்துவிட்டது. மூடிகள் நொறுங்கி, மேற்குமிழ்கள் அழுந்தியபடியே நிற்க, எத்தனை டப்பாக்கள் எத்தனை நாழிகை பீச்சிக்கொண்டிருந்தனவோ, யாமறியோம். சுமையிறக்குவோருள் மூத்தவர் அருகே சென்று பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். “ஐஸ்கட்டி மாதிரி இருக்கு” என்றார். நீர்மமாக அடைந்திருந்த வாயு ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள வெப்பத்தை உண்டு குளிர்விக்கும் என்பதை யாம் பாடப்புத்தகத்திற் படித்து, தேர்விலும் எழுதி, மதிப்பெண்ணும் பெற்றிருக்கின்றோம். அந்நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. எமக்குத் தோன்றியதெல்லாம், மணம் மிகுந்துவிட்டது, வெளியேற்ற வேண்டும் என்பதே. வாயிலருகே சுவரில் காற்றை வெளியே தள்ளும் மின்விசிறியின் சுவிட்ச் இருந்தது. கை நீட்டினோம்.

“அண்ணாச்சி, சுவிட்சைத் தொடாதீங்க!”

அக்குரலை யாம் எந்நாளும் மறவோம். கூவியவர் அம்மூத்தவரே. அவர் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஒன்பதாண்டு வளைகுடா நாட்டில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கியவர். அங்கே ஆண்டுதோறும் அவர்களை வரிசையாக நிறுத்தி, வாயு கசிந்தால் எதனைச் செய்யலாகாது என்று மனப்பாடம் செய்விப்பார்களாம். சுவிட்சைப் போடவுங் கூடாது, அணைக்கவுங் கூடாது. இரண்டிலும் பொறி உண்டு. கைப்பேசியை எடுத்துப் பேசலாகாது. ஷட்டரை இனி அசைக்கலாகாது. அனைவரும் வெளியே போகவேண்டும். இவற்றை அவர் உரக்கச் சொல்லிக்கொண்டே எம் தோளைப் பற்றி வெளியே தள்ளினார்.

வெளியே வந்தபின்னரே எமக்குக் காவற்காரப் பாட்டாவின் நினைவு வந்தது. எம் தந்தையார் காலந்தொட்டு அவர் கிடங்கின் தென்மூலையில் பலகையால் தடுத்த சிற்றறையில் வாழ்பவர். சிறுவயதில் எம்மைத் தோளிற் சுமந்து தோவாளைச் சந்தை காட்டியவர். நாள்தோறும் விடியலில் அவ்வறையிலேயே சிறு காஸ் அடுப்பை மூட்டிக் கட்டன்சாயா போட்டுக் குடிப்பது அவர் வழக்கம். யாம் பதறி நிற்கையில் அவர் சாலையின் எதிர்ப்புறத்துத் தேநீர்க்கடையிலிருந்து கையில் தூக்குப் பாத்திரத்தோடு மெல்ல நடந்து வந்தார். முந்தின இரவே அவருடைய சிலிண்டர் தீர்ந்துவிட்டதாம். “காலையிலே பற்றவைத்துப் பார்க்கலாமென்று தீப்பெட்டியைக் கூட எடுத்தேன் மக்களே, அப்புறம் எதுக்கு என்று கடைக்கே போயிட்டேன்” என்றார். பிறகு எம் முகத்தைப் பார்த்து, “என்ன மக்களே?” என்றார். உடனே, “உள்ளே என் பேரன் கிடந்து உறங்குகிறானே!” என்று அலறினார்.

பள்ளி விடுமுறையாதலின் பேரப்பிள்ளை முந்தின நாள் மாலை வந்து அங்கே தங்கியிருந்திருக்கின்றான். எமக்கு அது தெரியாது. மூத்தவர் ஒன்றும் பேசாமல் உள்ளே ஓடினார். யாம் ஓடவில்லை. அச்சமா, அறிவா, எதனால் ஓடவில்லை என்று இன்றும் எமக்கு விளங்கவில்லை. அவர் சிறுவனைப் பாயோடு வாரித் தூக்கி வந்து எங்கள் நடுவே கிடத்தினார். அவனுக்குத் தலைசுற்றல் இருந்தது, சற்று நேரம் வாந்தி எடுத்தான், வேறொன்றும் இல்லை.

இதற்குள் ஒருவர் கடப்பாறை கொண்டு மேற்குச் சாளரங்களை அடைத்த செங்கல்லை உடைப்போம் என்றார். இரும்பு கல்லில் மோதினால் பொறி பறக்குமே என்று வளைகுடாக்காரர் அதனையும் தடுத்தார். பலகைக் கதவை வெளியிலிருந்து இழுத்துத் திறந்தோம். அவ்வளவே நாங்கள் செய்தது. எஞ்சியதை ஆனிக்காற்று செய்தது. கதவு திறந்த அக்கணமே, நெடுநாள் வாயிலில் காத்திருந்த விருந்தினன்போல் அது உட்புகுந்து, கிழக்கு வாயில் வழியே புழுதியும் மல்லிகையுமாக வெளியேறிற்று. வெகுதூரம் சாலையில் நடந்து சென்று 101-க்குத் தொலைபேசினோம். தீயணைப்பு நிலையத்தார் வந்தனர். அவர்களுடைய அதிகாரி எம்மிடம் மூன்று வினாக்கள் கேட்டார்: உள்ளே எத்தனை பெட்டி? என்ன வாயு? வேறு எரிபொருள் என்ன உண்டு? கிடங்குக்கு உடையவராகிய யாம் ஒன்றுக்கும் விடை கூற முடியவில்லை. வியாபாரிக்குத் தொலைபேசினால் அவரும், “எல்லாம் சென்ட் சாமான்தானே” என்றார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. பழைய நோட்டுப்புத்தகத்தை எடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தோம். கணக்கு எளிது; மாணவர் தாமும் போட்டுப் பார்க்கலாம். ஒரு டப்பாவில் நூறு கிராம் பியூட்டேன் இருப்பதாகக் கொள்வோம். அதன் மூலக்கூற்று எடை 58. ஆவியானால் அது 40 லிட்டருக்கு மேற்பட்ட இடத்தைக் கொள்ளும். காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு பியூட்டேன் கலந்தாலே அக்கலவை தீப்பற்றும். ஆக, உள்ளங்கை டப்பா ஒன்று ஈராயிரம் லிட்டர் காற்றைத் தீப்பற்றத் தக்கதாக்கும். நாற்பத்தெட்டு டப்பாக்கள் கொண்ட ஒரு பெட்டி முழுதும் கசிந்தால், நம் கல்லூரியின் சிறு வகுப்பறை ஒன்று கூரைவரை நிறையும். அன்று எம் கிடங்கிற் சரிந்தவை பதினைந்து பெட்டிக்குக் குறையா. அவற்றுள் எல்லாம் கசியவில்லை என்பது மட்டுமே எம் நற்பேறு.

இன்னும் ஒன்று. பியூட்டேன் காற்றைவிட இரு மடங்கு கனமுடையது. புகைபோல் மேலெழுந்து கூரைத் துளை வழியே போய்விடாது. நீர்போல் தரையிற் பரந்து, தாழ்ந்த மூலையைத் தேடிச் சென்று தேங்கும். எம் கிடங்கில் தாழ்ந்த மூலை தென்மூலையே. அங்கேதான் பாட்டாவின் அறை, அடுப்பு, தரையிற் பாய் விரித்து உறங்கிய சிறுவன். மேற்கே சாளரம் அடைபட்டமையால் காற்று நுழையவில்லை. எம் விசிறியோ ஆளுயரத்துக்கு மேலே இருந்தது. பொறி ஏதும் எழாமல் சுழன்றிருந்தாலும் தரையிற் கிடந்ததை அது அசைத்திராது. நாடெங்குமிருந்து மக்கள் காற்றைத் தேடி வந்து ஆலை நாட்டும் ஊரில், யாம் மட்டும் காற்றே புகாத ஓர் அறையைக் கட்டி, அதனுள் அடைத்த வாயுவைக் குவித்து வைத்திருந்தோம்.

இதன்பின் இப்பொருள் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படிக்கலானோம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த ஃபால்ஸ் டவுன்ஷிப்பில் கேமார்ட் நிறுவனத்தின் பண்டகசாலை ஒன்று இருந்தது. அதன் பரப்பு பன்னிரண்டு இலட்சம் சதுர அடி. கூரையெங்கும் தானே நீர் சொரியும் குழாய்கள். கட்டடத்தை நான்காகப் பகுத்த தீத்தடுப்புச் சுவர்கள். 1982-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள், மோட்டார் வண்டிக் கார்புரேட்டரைத் துலக்கும் ஸ்பிரே டப்பாக்கள் கொண்ட ஒரு பெட்டி அடுக்கிலிருந்து வீழ்ந்தது. கசிந்த ஆவியைப் பாரந்தூக்கும் வண்டியின் பொறி பற்றவைத்தது. வெப்பத்தில் வெடித்த டப்பாக்கள் எரியும் வாலோடு வாணம்போற் பறந்து, ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்குச் சுவர் வாயில்கள் வழியே தாவின. நீர் சொரிந்தும் பயனில்லை. முழுப் பண்டகசாலையும் அழிந்தது. ஒரு பெட்டி வீழ்ந்ததில் தொடங்கியது, பன்னிரண்டு இலட்சம் சதுர அடி! யாம் இதனைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, எழுந்து போய்ப் பூட்டிய கிடங்கை ஒருமுறை பார்த்து வந்தோம்.

இத்தகைய தீக்களின் பின்னரே, அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தார் ஸ்பிரே டப்பாக்களுக்கெனவே ‘30பி’ என்னும் தனி விதித்தொகுப்பை 1990-இல் வெளியிட்டனர். அதன் சிறப்பு, டப்பாக்களை யெல்லாம் ஒரே தன்மையவாகக் கொள்ளாமையே. உள்ளிருப்பது எரியும்போது கிராமுக்கு எத்தனை கிலோஜூல் வெப்பம் தரும் என்று பார்த்து, இருபது வரை ஒரு நிலை, முப்பது வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாம் நிலை என வகுக்கின்றனர். நீரே மிகுதியாயுள்ள முகச்சவர நுரை முதல் நிலை. அதனைச் சாதாரணச் சரக்குபோல் அடுக்கலாம். வாயுவும் சாராயமும் எண்ணெயும் மிகுந்தவை மேல்நிலைகள். அவற்றைக் கம்பிவலைக் கூண்டுக்குள்ளோ, தனி அறையிலோ வைக்கவேண்டும். கூண்டு எதற்கென்று முதலில் எமக்கு வியப்பாயிருந்தது. திருடனுக்காக அன்று, வெடித்த டப்பா பறந்துபோய் அடுத்த அடுக்கிற் கொளுத்தாமல் தடுப்பதற்கு.

ஜப்பான் நாட்டுச் சப்போரோ நகரில் 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் நடந்தது வேறு வகை. வீடு பார்த்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தார், வேண்டாத வாசனை ஸ்பிரே டப்பாக்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை எறிந்துவிட எண்ணி, குளிர்கால மாதலால் அடைத்த அறைக்குள்ளேயே ஒவ்வொன்றாகப் பீச்சித் தீர்த்தனர். பின்பு கை கழுவ வெந்நீர்க் கருவியை மூட்டினர். கட்டடம் வெடித்துச் சிதறிற்று. அண்டையிலிருந்த உணவுக்கடையில் அமர்ந்திருந்தோரும் உட்பட நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். இதனை இங்கே குறிப்பதற்குக் காரணம் உண்டு. சரிந்த பெட்டிகளில் நசுங்கியவற்றை என்செய்வதென்று கேட்டபோது, எம் வியாபாரி சொன்னதும் அதுவே: “பின்னாலே வைத்து அமுக்கித் தீர்த்துவிடுங்கள், காலி டப்பா இரும்புக்காரனுக்குப் போகும்.” யாம் இசையவில்லை. அவற்றைக் காற்றோட்டமான திறந்த வெளியில், நிழலில், சாலைக்கும் கிடங்குக்கும் அப்பால் வேலியிட்டு வைத்து, அனுப்பிய ஆலைக்கே திருப்பி யனுப்பும்படி செய்தோம். அதற்குப் பதினேழு நாள் வழக்காட வேண்டியிருந்தது.

பின்பு கிடங்கைத் திருத்தலானோம். முதலில் சாளரங்கள். எம் தந்தையார் அடைத்த செங்கல்லை எடுத்தோம். அவர் இருந்திருந்தால் வருந்தியிருப்பார். அதனோடு நில்லாது, மேற்கிலும் கிழக்கிலும் தரைமட்டத்தை ஒட்டிப் பத்துத் துளைகள் வைத்து வலை போர்த்தினோம். புழுதி வருகின்றது, வாரத்துக்கு இருமுறை பெருக்குகின்றோம். சுவிட்சுகளையும் விசிறியையும் வெளிச்சுவருக்கு மாற்றினோம். பெட்டிகளைத் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் வைத்து, ஐந்துக்கு மேல் அடுக்கலாகாது என்று சுவரில் கோடிட்டோம். ஒவ்வொரு மாலையும் நனைந்ததும் நசுங்கியதுமான பெட்டியைத் தேடி வெளியேற்றுவது ஒருவர் பொறுப்பு. ஸ்பிரேக்களுக்கு வடபுறத்தில் கம்பிவலைக் கூண்டு. வர்ணமும் தின்னரும் வேறிடம்.

கூரை எம்மை அதிகம் வருத்திற்று. ஒவ்வொரு டப்பாவின்மேலும், ஐம்பது பாகை வெப்பத்துக்கு மேற்பட்ட இடத்தில் வைக்கலாகாது, தீர்ந்தபின்னும் துளைக்கவோ எரிக்கவோ கூடாது என்று அச்சிட்டிருக்கின்றது. அவ்வெழுத்து எறும்பினும் சிறியது. அதனைப் பல்லாண்டு குளியலறையில் கையில் வைத்திருந்தும் யாம் படித்ததில்லை. சித்திரை மாதத்து நண்பகலில் தகரத்தின்கீழ் ஒரு வெப்பமானியைக் கட்டித் தொங்கவிட்டோம். ரசம் ஐம்பதை நெருங்கி நின்றது. தரையருகே அத்தனை இல்லை. உச்சியில் அடுக்குவது எவ்வளவு பேதைமை என்பது அப்போதே விளங்கிற்று. தகடுகளுக்கு வெண்சாந்து பூசி, ஆணித்துளைகளையும் அடைத்தோம். உள்ளே தென்னோலைத் தட்டி போடலாம் என்று பாட்டா சொன்னார். ஓலை எரியுமே என்று மறுத்தோம். அவருக்கு அது சற்று மனத்தாங்கல்.

கூரையிலிருந்து தானே நீர் சொரியும் குழாய் வைக்க எம்மால் இயலவில்லை. அதற்கு வேண்டிய நீர்த்தொட்டியும் பம்பும் கிடங்கின் விலையையே கேட்டன. ஆகவே சரக்கின் அளவைக் குறைப்பதன்றி வேறு வழியில்லை. முன்பு இருந்ததில் நான்கிலொரு பங்குக்கு மேல் ஸ்பிரே வைக்க விடோம் என்றோம். வியாபாரி சினந்து, வாடகையையும் குறைத்து, ஆறு மாதத்தில் வேறிடம் பார்த்துக்கொண்டு போனார். தீபாவளி நெருங்கும் நாட்களில் அச்சரக்கு இப்பொழுது எங்கே, எத்தனை அடுக்கு உயரத்தில், யாருடைய அடுப்புக்கு அருகில் இருக்கின்றதோ என்று எண்ணுவதுண்டு. சாலையோரத்தில் இன்னும் எத்தனையோ கிடங்குகள் உள. அவற்றின் கதவுகளில் உள்ளிருப்பது யாதென்று எழுதியிருக்கக் கண்டோமில்லை. இப்பொழுது எம்மிடம் இருப்பவர் மருந்துக்கடைகளுக்குச் சரக்கு விநியோகிப்பவர். கதவில் ஒரு பலகை தொங்குகின்றது. அதில் எத்தனை பெட்டி, எந்த நிலை, எந்த மூலை என்பதை ஒவ்வொரு மாலையும் சுண்ணக்கட்டியால் எழுதுகின்றோம். அத்தீயணைப்பு அதிகாரி மீண்டும் வந்தால் மூன்று வினாவுக்கும் விடை அங்கேயே இருக்கும். எழுதுபவர் அவ்வளைகுடாக்காரரே. அவருடைய ‘பெட்டி’யில் ஓர் ஒற்று எப்பொழுதும் குறையும், யாம் திருத்துவதில்லை.

பாட்டாவின் அறையைக் கிடங்குக்கு வெளியே, தென்கிழக்கில், இருபதடி தள்ளிக் கட்டிக் கொடுத்தோம். ஓடு வேய்ந்து, சாளரம் வைத்து, சிலிண்டருக்கு வெளியே மேடையும் அமைத்தோம். அவருக்கு அது பிடிக்கவில்லை. கிடங்கின் கருங்கற் சுவருக்குள் ஐம்பதாண்டு உறங்கியவர்க்குக் காற்றின் ஓசையில் உறக்கம் வரவில்லையாம். ஆடிமாதத்தில் அடுப்பே எரியவில்லை என்று குறை சொன்னார். மூன்று பக்கமும் மறைப்புச் சுவர் எழுப்பினோம். அதன்பின்னும் காற்று எங்கிருந்தோ சுற்றி வந்து சுடரை அவிக்கின்றது. சென்ற வாரம் யாம் போயிருந்தபோது, அவர் வேட்டியை விரித்து அடுப்புக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, பேரனைத் தீக்குச்சி கிழிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழாவது குச்சியில் பற்றிற்று. “உங்க அப்பா காலத்திலே ஒரு குச்சியிலே சாயா போட்டேன் மக்களே” என்று எம்மை வைதுகொண்டே, எமக்கும் ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்.